தகப்பனையும் மகனையும் அவசரமாகச் சேர்த்து வைக்காதீர்கள்

அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர்களுக்குத் திரைக்கதை எழுதும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

பெற்றோரும் பிள்ளையும் மோதிக்கொள்ளும் அத்தியாயங்களை நான் பல ஆண்டுகளாகத் தேடிப் பார்த்து வருகிறேன். அவற்றுள் பல ஒரே தடத்தில் போகின்றன. விண்கலத்துக்கு ஆபத்து வருகிறது. அதுவரை ஒருவரையொருவர் குறைகூறியவர்கள் ஆபத்து நீங்கியதும் கட்டித் தழுவிக்கொள்கிறார்கள். பல்லாண்டுப் பிணக்கு அத்துடன் தீர்ந்துவிடுகிறது. அவ்வாறு தீர்த்து வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

1967ஆம் ஆண்டு நவம்பரில் ஒளிபரப்பான ஸ்டார் டிரெக் என்னும் அமெரிக்க விண்வெளித் தொடரின் 'ஜர்னி டு பேபல்' அத்தியாயத்தை நீங்கள் அறிவீர்கள். விண்கல அதிகாரி ஸ்பாக்கின் தந்தை சாரெக், உணர்ச்சியை அடக்கித் தர்க்கத்தையே பின்பற்றும் வல்கன் என்னும் வேற்றுக்கிரக இனத்தவர். ஸ்பாக் வல்கன் அறிவியல் கழகத்தில் சேராமல் ஸ்டார்ஃப்ளீட் என்னும் விண்வெளிப் படையில் சேர்ந்த நாள் முதல், சாரெக் அவரோடு 18 ஆண்டுகள் தந்தை என்ற முறையில் பேசவில்லை. ஸ்பாக் பணியாற்றும் கலத்தில் தூதராக வரும் சாரெக்குக்கு இதய அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது. அதற்கு இரத்தம் தர மகனால்தான் முடியும். அந்த வேளையில் கேப்டன் கத்திக்குத்துப்பட்டு விழ, கலத்தின் பொறுப்பு ஸ்பாக்கிடம் வருகிறது. நூற்றுக்கணக்கானோரின் உயிரை ஓர் உயிருக்காகப் பணயம் வைக்க மாட்டேன் என்று அவர் மறுக்கிறார். தாய் அமாண்டா மன்றாடுகிறார், பிறகு மகனைக் கன்னத்தில் அறைகிறார்.

இதில் என்னை இன்றும் உலுக்குவது அந்த மறுப்புக்கு அவர் காட்டும் காரணம். நான் பொறுப்பைத் துறந்தால் அப்பா என்ன சொல்வார் என்று தாயிடமே கேட்கிறார் ஸ்பாக். தந்தையைக் கைவிடும் அந்த நொடியில்தான் அவர் முழுக்க முழுக்கத் தந்தையின் மகனாக நிற்கிறார். இருவரில் எவரையும் தவறு என்று சொல்ல நம்மால் முடிவதில்லை. கேப்டன் உடல் தேறியதாக நடித்துப் பொறுப்பை ஏற்ற பிறகே சிகிச்சை நடக்கிறது. முடிவில் அருகருகே படுத்திருக்கும் இருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை, நன்றி சொல்லவில்லை. அமாண்டா எவ்வளவு உணர்ச்சிவசப்படுகிறார் என்று தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு இயன்ற சமாதானம் அவ்வளவே.

என் தந்தையும் நானும் சில ஆண்டுகள் பேசாமல் இருந்தோம். மீண்டும் வாய் திறந்தபோது நாங்கள் பேசியது ஓடாமல் நின்றுபோன ஒரு கடிகாரத்தைப் பற்றி. ஆகவே அந்தக் காட்சி உண்மை என்பதை நான் அறிவேன்.

சாரெக், ஸ்பாக் இருவரின் பிணக்கும் அந்த அத்தியாயத்தோடு முடியவில்லை. 1991இல் வந்த 'யூனிஃபிகேஷன்' என்னும் பிற்கால ஸ்டார் டிரெக் அத்தியாயத்தில், மகனைக் காணாமலேயே சாரெக் இறந்துபோகிறார். முகத்தைத் தொட்டு ஒருவர் மனத்தை மற்றவர் அறியும் வல்கன் வழக்கமான மன இணைப்பைத் தந்தையும் தானும் ஒருமுறைகூடச் செய்துகொண்டதில்லை என்கிறார் ஸ்பாக். சாரெக்கோடு முன்பு மன இணைப்புச் செய்திருந்த விண்கலக் கேப்டன் பிக்கார்ட், அவர் தன்னிடம் பகிர்ந்ததை மகனுக்குத் தர முன்வருகிறார். தந்தையின் நெஞ்சை ஒரு மகன் மூன்றாம் மனிதர் ஒருவரின் முகத்தைத் தொட்டு அறிகிறான். அறிவியல் புனைவு அல்லாத எந்தக் கதையிலும் இந்தக் காட்சியை எழுத முடியாது.

2017இல் வெளியான பிளாக் மிரர் தொடரின் 'ஆர்க்கேஞ்சல்' அத்தியாயத்திலும் அப்படித்தான். மகளைக் காக்க அவள் தலைக்குள் தாய் வைத்த கருவி, கொடிய காட்சிகளை அவள் கண்ணுக்கு மறைக்கிறது. மகள் தாயைத் தாக்கும்போது அந்த மறைப்பு இயங்குவதால், தன் கை செய்வதை அவளாலேயே பார்க்க இயலவில்லை. அங்கே கருவியையும் சண்டையையும் பிரித்தெடுக்க முடியாது. உங்கள் அத்தியாயங்கள் பலவற்றில் விண்கலத்தை எடுத்துவிட்டு ஒரு வீட்டுக் கூடத்தை வைத்தாலும் உரையாடல் ஒரு சொல்லும் மாறாது என்பதே என் வருத்தம்.

பிள்ளையின் பக்கம் நியாயம் இருக்கட்டும். பெற்றோரை மூடராக்கி அதை நிறுவ வேண்டாம். அடுத்த பருவத்தை எழுத அமரும்போது, கடைசிக் காட்சியில் அந்த அணைப்பை எழுதுவதற்கு முன், இருவரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில் படுக்க வைத்து, வேறு எதையாவது பேச விட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தொடர்களின் நெடுநாள் பார்வையாளர்