பொனோம் நோயல் உண்டா என்று பிள்ளை கேட்டால்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிசம்பரில் மயில்கொன்றை பூத்ததும் மொரீஷியஸ் தமிழ் வீடுகளிலும் பொனோம் நோயல், அதாவது கிறிஸ்துமஸ் தாத்தா, பற்றிய பேச்சுதான். "நிஜமாகவே வருகிறாரா?" என்று பிள்ளை கேட்டால் மழுப்பாதீர்கள். "நீ என்ன நினைக்கிறாய்?" என்று முதலில் கேளுங்கள், சும்மா கேட்கிறதா, கண்டுபிடித்துவிட்டதா என்பது அந்தப் பதிலிலேயே தெரியும். கண்டுபிடித்திருந்தால், பரிசு வாங்கி வைப்பது நாங்கள்தான் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். அப்போதும் மறைத்தால் நம் மற்ற வார்த்தைகளையும் அது சந்தேகிக்கும். பிறகு, 4-ஆம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியிலுள்ள மைராவில் ஆயராக இருந்தவரும் பொனோம் நோயல் கதைக்கு மூலமானவருமான நிக்கோலஸ், ஏழைப் பெண்கள் மூவரின் திருமணத்துக்கு இரவில் ரகசியமாகப் பொன் கொடுத்ததாக வழங்கும் கதையைச் சொல்லலாம்.

கோபத்திலோ, பண்டிகையன்றோ, தம்பி தங்கை முன்னிலையிலோ உண்மையைச் சொல்லவே கூடாது. அழுதால் அழட்டும், சிரிக்காதீர்கள். சின்னவர்களின் பரிசை ஒளித்து வைக்கும் வேலையை இந்த ஆண்டு அந்தப் பிள்ளையிடமே கொடுங்கள்.

– ஒரு வாசகர், போர்ட் லூயிஸ்