சேதுக்கரையில் சொல்லாமல் விட்ட பெயர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நடுகற்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆநிரை மீட்கப் போய் மாண்டவனுக்கும் பெயர் வெட்டிக் கல் நட்ட நாடு இது. என் தாத்தாவின் தம்பிக்கு அப்படி ஒரு கல் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

திருப்புல்லாணிப் பக்கம் எங்கள் ஊர். புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு ஐப்பசி வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் சம்சாரிக் குடும்பம். கண்மாய் பெருகாத வருஷம் பனையும் கொஞ்சம் மிளகாயும்தான். இரண்டாம் உலகப் போரில், 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனதும் பர்மா அரிசி வரத்து நின்றது. அந்த நெருக்கடியில் சின்னத் தாத்தா பட்டாளத்தில் சேர்ந்தார். யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. உழவு முடித்த மாட்டை அவிழ்த்து, கயிற்றை அண்ணன் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினாராம். மணியார்டர் வந்துகொண்டிருந்தது. பிறகு இங்கிலீஷில் ஒரு காகிதம் வந்தது. பள்ளிக்கூட வாத்தியார் படித்துச் சொன்னார்.

பூட்டி நம்பவில்லை. முகத்தைப் பார்க்காமல் கருமாதி கிடையாது என்றுவிட்டாள். ஆடி அமாவாசைக்குச் சேதுக்கரைக் கடலில் முன்னோர் பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது, மகன் பெயரை மட்டும் சொல்ல விடமாட்டாள். "உசுரோட இருக்கிறவனுக்கு எள்ளு இறைக்காதீங்கடா" என்பாள். சிறுவனாக அருகில் நின்று கேட்டிருக்கிறேன். 1978-ல் அவள் காலமானபோது, ஓலைப்பெட்டிக்குள் அந்தக் காகிதம் மஞ்சள் துணியில் சுற்றியிருந்தது. மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிந்து நான்கு துண்டாகியிருந்தது. அதன் பிறகும் வீட்டில் யாரும் அவள் சொல்லை மீறவில்லை.

சென்ற ஆண்டு என் மகள் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடினாள். பெயரைப் போட்டால் ஒன்றும் வரவில்லை. எழுத்தரின் காதில் விழுந்தபடி எழுதப்பட்ட பெயர்கள் அவை. மாவட்டத்தை 'ராம்நாட்' என்று பழைய முறையில் போட்டு, தகப்பன் பெயரையும் ஊர்ப் பெயரையும் விதவிதமாக எழுதித் தேடியபோது அகப்பட்டார். சிப்பாய், வயது 22, இறந்தது 1945 மார்ச். ரங்கூனுக்கு வடக்கே தவுக்கியான் கல்லறையில், தனிக் கல்லறை இல்லாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்களுக்கு நடுவே அவர் பெயரும் இருக்கிறது. அங்கே அஞ்சலி வாசகத்தை ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, பஞ்சாபியர் எழுதும் குர்முகி என்று பொறித்திருக்கிறார்கள். தமிழ் இல்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

வெள்ளைக்காரனிடம் சம்பளத்துக்குப் போனவனுக்கு என்ன மரியாதை என்று ஊரிலேயே ஒருவர் கேட்டார். அதே பர்மாவில், எதிர்ப்பக்கத்தில், நேதாஜியின் படையில் மலேயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள் நின்றார்கள். அவர்களைப் போற்றுகிறோம், போற்றத்தான் வேண்டும். அதற்காகக் குடும்பத்துக்குக் கஞ்சி வேண்டும் என்று போய் மடிந்த பிள்ளையைத் தள்ளி வைக்க என்னால் முடியாது. அந்தப் போரில் 25 லட்சம் இந்தியர்கள் தாமாகச் சேர்ந்தார்கள். ஏறத்தாழ 87,000 பேர் திரும்பவில்லை.

தேதி தெரிந்ததும் பழைய பஞ்சாங்கம் பார்த்துத் திதி கண்டுபிடித்தோம். எண்பதைத் தாண்டிய என் அப்பா சேதுக்கரைக் கடலில் இறங்கி, முதல் தடவையாகச் சித்தப்பாவின் பெயரைச் சொன்னார். ஐயர் ஒரு தரம்தான் கேட்டார். அப்பா மூன்று தரம் சொன்னார்.

கடலோர ஊர்களில் இதுபோல் ஒரு கிழிந்த காகிதத்தையோ, ஒரு பட்டாள நம்பரையோ மட்டும் வைத்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கும். அந்தப் பட்டியலில் தேடுவதற்குக் காசு வேண்டாம். தேடும் முறையை நீங்கள் எளிய தமிழில் ஒரு பக்கம் வெளியிட வேண்டும். கிடைக்கும் பெயர்களை அந்தந்த ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் தமிழில் வெட்டி வைக்க ஊராட்சிகள் முன்வர வேண்டும். எங்கள் ஊர்க் கல்லுக்கு ஆகும் செலவை நாங்கள் தருகிறோம்.

ஆடி அமாவாசைக்கு ஒரு மாதம் முன்னதாகவே அந்தப் பக்கம் இதழில் வெளிவந்தால் நல்லது. தேடிக் கண்டுபிடித்துவிட்டுச் சேதுக்கரைக்குப் போக அவகாசம் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருப்புல்லாணி வட்டாரம், ராமநாதபுரம் மாவட்டம்.