விக்ராந்தின் கொதிகலன் அறையும் 45 ரூபாய் பென்ஷனும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் 4 கடற்படை நாளுக்கு விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைக் கொழிஞ்சாம்பாறை டீக்கடையில் படித்தேன். 1971 போரில் அதிலிருந்து கிளம்பிய சீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கியதை நன்றாகவே எழுதியிருந்தீர்கள். அவை எழும்பியபோது நான் பல தட்டுகளுக்குக் கீழே கொதிகலன் அறையில் இருந்தேன். ஒரு விமானத்தைக்கூடப் பார்க்கவில்லை.

நீங்கள் விட்டுவிட்டது ஒன்று உண்டு. கப்பலின் நான்கு கொதிகலன்களில் ஒன்று விரிசல் விட்டிருந்தது. கப்பல் காற்றை எதிர்த்து வேகமாக ஓடினால்தான் விமானம் பத்திரமாக மேலே ஏறும். அந்த வேகத்தை மிச்சக் கொதிகலன்களை வைத்தே இழுத்தாக வேண்டும். இரைச்சலில் பேச்சு எடுபடாது, எல்லாம் கைச்சாடைதான். அரைகுறை இந்தி வைத்திருந்த எனக்கு அது வசதியாகவும் போயிற்று.

1982-இல் ஊர் திரும்பி, பென்ஷன் விண்ணப்பங்களை விசாரிக்கும் வேலையில் சேர்ந்தேன். கேரளத்தில் விவசாயத் தொழிலாளர் பென்ஷன் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது; ஆரம்பத்தில் மாதம் 45 ரூபாய். வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் கடலைக்காட்டுக் கூலிக்குப் போன தமிழ்க் கிழவிகளிடம் பிறப்புச் சான்றா இருக்கும்? "தொண்ணூற்றொன்பது வெள்ளத்துக்கு முந்தியா, பிந்தியா?" என்பேன். மலையாளக் கொல்லம் ஆண்டு 1099-இல், அதாவது 1924-இல், வந்த பெருவெள்ளம் அது. "வெள்ளத்தப்ப எங்காத்தா என்னை இடுப்புல வெச்சிருந்தாளாமுங்க" என்றால், சரி, 60 ஆகியிருக்கும் என்று டாக்டரிடம் வயதுச் சான்றுக்கு அனுப்புவேன். அப்புறம் மலையாளப் படிவத்தை நீட்டி, "ஏங்கண்ணு, இதுல என்ன எழுதியிருக்குது?" என்பார்கள். 2005-இல் ஓய்வு பெறும் வரை பாதி வேலை அதைப் படித்துச் சொல்வதுதான்.

இப்போது பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதைக் காட்ட, கேரள அரசின் இணையச் சேவை மையமான அக்ஷயாவில் பதிய வேண்டும்; அதுதான் மஸ்டரிங். எங்கள் பக்கம் ஒட்டிய அறிவிப்பு மலையாளத்தில் மட்டும் இருந்தது. பக்கத்து வீட்டு ஆத்தா தேதி தெரியாமல் விட்டு, பென்ஷன் நின்றுபோய் நடையாய் நடந்தார். இத்தனைக்கும் தமிழர்கள் அரசுக்குத் தமிழில் எழுதித் தமிழிலேயே பதில் பெற 1969-ஆம் வருடக் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

அறிவிப்பு தமிழில் வரும்போது வரட்டும். அதுவரை மஸ்டரிங் தேதியை நீங்கள் ஒரு மூலையில் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள். கண் மங்கிவிட்டாலும், டீக்கடையில் அதை உரக்கப் படிக்க எனக்குத் தொண்டை இருக்கிறது.

இப்படிக்கு,
கடற்படை ஓய்வூதியர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்