பேசும் படங்களுக்குக் குரல் கொடுத்த உங்களுக்கு

அன்புள்ள ஊர்ப் பெரியவர்களுக்கும், பெற்றோருக்கும், பெருந்துறையிலிருந்து சனிக்கிழமைதோறும் வந்துபோன கல்லூரிப் பிள்ளைகளுக்கும், திருப்பூரிலிருந்து பழைய செல்போன்களையும் டேப்லெட்டுகளையும் அனுப்பிவைத்த எங்கள் முன்னாள் மாணவர்களுக்கும் வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை பொழுதோட, பள்ளி வேப்பமரத்தடியில் வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி, பிள்ளைகள் இந்த வருசம் செய்ததையெல்லாம் காட்டினோம். அன்றைக்கே மைக்கில் நன்றி சொன்னேன். பேச ஆரம்பித்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. பாதிப் பேரின் பெயரைச் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டேன். அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வர முடியாதவர்களுக்காக முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சென்னிமலைக்கும் வெள்ளோட்டுக்கும் நடுவில் இருக்கிற எங்களுடையது இரண்டு ஆசிரியர்கள் மட்டும் உள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. பிள்ளைகள் செய்தது ஒரு பேசும் படச் சொல்லகராதி. திரையில் ஒரு வீடு இருக்கும். அட்டாலியைத் தொட்டால், "அட்டாலி. பண்டம் பாத்திரமெல்லாம் மேல ஏத்தி வெக்கிற எடம் கண்ணு" என்று ஓர் அமுச்சியின் (பாட்டியின்) குரல் வரும். வட்டலை (சாப்பிடுகிற தட்டை) தொட்டால் இன்னொருவர் குரல். பொடக்காலி, போசி (பாத்திரம்), இட்டேரி (வேலிகளுக்கு நடுவில் போகிற வண்டித்தடம்), நோம்பி (பண்டிகை), சந்தகை (இடியாப்பம் மாதிரியான பலகாரம்) என்று நம் வாயில் புழங்குகிற சொற்கள் எல்லாம் பிள்ளைகள் வரைந்த படங்களோடு, உங்கள் குரலோடு அதில் இருக்கின்றன.

இது எப்படித் தொடங்கியது என்பதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் வகுப்புப் பாப்பா ஒருத்தி கட்டுரை நோட்டில், "பொடக்காலியில் ஒடக்கான் ஓடியது" என்று எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையால் அடித்து, "கொல்லைப்புறத்தில் ஓணான்" என்று மேலே எழுதிக் கொடுத்தேன். நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "அப்ப எங்க அமுச்சி தப்பாப் பேசுதுங்களா டீச்சர்?" அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் அந்த நோட்டில் என் திருத்தத்தை அடித்துவிட்டு, அவள் எழுதியதை மறுபடியும் எழுதினேன். பாப்பா, உன் கேள்விக்குத்தான் முதல் நன்றி.

சொற்களை நோட்டில் எழுதி வைத்தால் போதாது, அவை பேசியபடியே கேட்க வேண்டும் என்று தோன்றியது. அப்போதுதான், கட்டளைகளைக் கட்டை கட்டையாக ஒட்டிப் படங்களை அசையவும் பேசவும் வைக்கிற ஸ்கிராட்ச் ஜூனியர் என்ற செயலியைக் கல்லூரிப் பிள்ளைகள் காட்டித் தந்தார்கள். 2014-இல் வெளிவந்த அது, 5 முதல் 7 வயதுப் பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டது, காசு கிடையாது. ஒரு முறை இறக்கி வைத்துக்கொண்டால் இன்டர்நெட் வேண்டியதில்லை. எல்லாவற்றையும் விட, அதன் கட்டளைக் கட்டைகளில் எழுத்தே கிடையாது, வெறும் படம்தான். மஞ்சள் கட்டை தொடங்கி வைக்கும், நீலம் நகர்த்தும், பச்சை ஒலிக்கும். ஆங்கிலம் தெரியாத ஒன்றாம் வகுப்புப் பையன் விரல் படம் போட்ட மஞ்சள் கட்டையை வைத்து, அதன் பக்கத்தில் மைக் படம் போட்ட பச்சைக் கட்டையை ஒட்டினான். வட்டலைத் தொட்டான். அவனுடைய ஆத்தாவின் குரல் வந்தது. தொட்டுத் தொட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தான், மதியச் சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

அந்தச் செயலியில் ஒரு வேலைக்கு நான்கு பக்கம்தான். முதலில் அது எனக்குக் குறையாகத் தெரிந்தது. பிள்ளைகளோ வீடு, அடுப்படி, காடு, இட்டேரி என்று நான்காகப் பிரித்துக்கொண்டு, எந்தச் சொல் எந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும் என்று சண்டையே போட்டார்கள். போசி அடுப்படிக்கா, காட்டுக்குக் கஞ்சி கொண்டுபோகிற போசியா? அரை மணி நேரம் நடந்தது அந்த வாதம். நான் நடத்திய எந்தத் தமிழ்ப் பாடத்திலும் ஒரு சொல்லுக்காகப் பிள்ளைகள் அப்படி மல்லுக்கட்டியதில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து, "வீட்டுல போனைப் புடுங்கி வெக்கிறதே பெரும்பாடா இருக்குதுங்க. நீங்களும் கையில குடுத்தீங்கன்னா எங்கீங்க போறது?" என்று கேட்ட அம்மாவுக்கு என் மனமார்ந்த நன்றி. அன்று சிலர் அவரை உட்காரச் சொன்னார்கள். சொல்லியிருக்கக் கூடாது. அவர் கேட்டதனால்தான் விதிகளை எழுதி ஒட்டினோம்: வாரத்தில் இரண்டு நாள், ஒரு நாளைக்கு 40 நிமிடம், நான்கு பேருக்கு ஒரு டேப்லெட், அதில் யூடியூப் இருக்காது, விளையாட்டு இருக்காது. பிள்ளைகளின் முகத்தைப் படம் எடுக்க மாட்டோம், குரலும் கையும் மட்டுமே. அதற்கும் பெற்றோர் கையெழுத்து வேண்டும். பெரிய திரையில் பாடத்தை ஓடவிட்டுப் பிள்ளைகளைக் கைகட்டிப் பார்க்க வைப்பது ஒன்று. பிள்ளை தானே வரைந்து, தானே பதிந்து, தப்பானால் தானே கலைத்துச் செய்வது வேறொன்று. என் பத்தொன்பது வருச அனுபவத்தில், இரண்டாவதுதான் பிள்ளையின் மனதில் நிற்கிறது. அந்த அம்மாவே பிறகு "சந்தகை" சொல்லுக்குக் குரல் கொடுத்தார், மரப்பலகையில் மாவு பிழிகிற சத்தத்தோடு.

ஐப்பசியில் ஒரு பெரிய இழப்பு வந்தது. பழைய போன் ஒன்றின் மெமரி கார்டு கெட்டுப்போய், இரண்டு வாரம் வீடு வீடாகப் போய்ப் பதிந்த குரல்கள் அத்தனையும் போய்விட்டன. நகல் எடுத்து வைக்காதது என் தவறு. பிள்ளைகள் அழுதார்கள். எனக்கு எந்த வீட்டுப் படியிலும் மறுபடி ஏற முகம் இல்லை. ஆனால் முதல் வீட்டிலேயே அமுச்சி பாயை விரித்துப் போட்டு, "அதுக்கென்ன கண்ணு, மறுக்காச் சொன்னாப் போச்சு, உக்காருங்க" என்றார். முதல் முறை ஒற்றைச் சொல்லாகச் சொன்னவர்கள், இரண்டாம் முறை அந்தச் சொல்லோடு சேர்ந்த கதையையும் சொன்னார்கள். அட்டாலியில் வெல்லம் ஒளித்து வைத்ததும், இட்டேரியில் முயல் துரத்தியதும் அப்படி வந்தவைதான். பாயும் மோரும் கொடுத்து, உங்கள் வேலை நேரத்தையும் இரண்டு முறை கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் நன்றி. தினமும் சாயங்காலம் மடிக்கணினியில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று என்று இரண்டு நகல் எடுக்கும் பழக்கத்தை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த கல்லூரித் தம்பி தங்கைகளுக்கும் நன்றி. இப்போது அதை என்னைவிட அவர்கள் கறாராகச் செய்கிறார்கள்.

இனி நம் தறிக்கார அப்பாரு, துணி நெய்கிற தாத்தா. அவரைப் பற்றி எழுதத்தான் இந்த மடலையே தொடங்கினேன் என்று சொல்லலாம்.

பாவு (நீளவாக்கு இழை), ஊடை (குறுக்கு இழை), தார் (ஊடை நூல் சுற்றிய குழல்), நாடா (ஊடையைக் கொண்டுபோகிற கருவி) என்று தறிச் சொற்களைப் பதியத்தான் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை அவர் வீட்டுக்கு அழைத்துப் போனேன். தறிக்கு மேலே, துணியில் பூ விழ வைக்கிற ஜக்கார்டு பெட்டியில் கோத்த அட்டைகள் மாலைபோல் தொங்கின. ஒரு பையன், "அட்டையில எதுக்குங்க அப்பாரு இத்தனை ஓட்டை?" என்று கேட்டான். அவர் தறியை நிறுத்திவிட்டு, ஓர் அட்டையை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். "ஓட்டை இருந்தா இழை மேல ஏறும். இல்லீன்னா கீழயே கெடக்கும். ஊடை ஒரு தடவ போறதுக்கு ஒரு அட்டை. அவ்வளவுதான் சாமி." மறுபடியும் மிதித்துக் காட்டினார். பிள்ளைகள் தலையை நிமிர்த்திக்கொண்டு, ஏறுகிற இழைகளை எண்ணினார்கள்.

பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவர் 1804 வாக்கில் உருவாக்கிய பொறி அது. ஓட்டை உண்டு, இல்லை என்ற இரண்டே பதிலை வைத்து ஒரு பூவையே சொல்லிவிடுகிற அந்த அட்டையைப் பார்த்துத்தான், பிற்பாடு கணக்குப் போடும் இயந்திரங்களுக்கும் ஓட்டை அட்டையால் கட்டளை கொடுக்கும் யோசனை வந்தது. இதை நான் பயிற்சி வகுப்பில் படித்திருக்கிறேன். எங்கள் ஊர்த் திண்ணையிலேயே அது தொங்கிக்கொண்டிருப்பது அன்றுதான் உறைத்தது.

அடுத்த வாரம் லிப்ரே ஆபீஸ் விரிதாளில் கட்டங்களைச் சதுரமாக்கி, ஒவ்வொரு கட்டத்துக்கும் நிறம் போட்டுப் பிள்ளைகள் பூ வரைந்தார்கள். அப்பாரு பள்ளிக்கே வந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தார். கம்ப்யூட்டரைத் தொடுவது அவருக்கு அதுதான் முதல் முறை. ஆனால் திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இந்த எதழு துணியில முறிஞ்சு தெரியும் கண்ணு. ஒரு கட்டம் அக்கட்டத் தள்ளு" என்றார். தள்ளினார்கள். வளைவு வந்துவிட்டது. 24 வரி உயரப் பூ, அப்படியானால் 24 அட்டை என்று பிள்ளைகளே கணக்குச் சொன்னார்கள். சென்னிமலையில் அட்டை குத்துகிற அவருடைய கூட்டாளி கூலி வாங்காமல் குத்திக் கொடுத்தார். அந்தப் பூப் போட்ட துண்டைத்தான் வெள்ளிக்கிழமை எல்லோரும் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தீர்கள்.

முகம் பார்க்காத சிலருக்கும் நன்றி சொல்ல வேண்டும். 1999-இல் தமிழ்99 விசைப்பலகையை ஒழுங்குபடுத்திக் கொடுத்தவர்களுக்கு: 31 விசை, இடப்பக்கம் உயிர், வலப்பக்கம் மெய் வரிசை. அம்மா என்று அடிக்க அ, ம, ம, ஆ தட்டினால் புள்ளி தானாக விழுவதைப் பார்த்து, நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கைதட்டிவிட்டாள். இரட்டித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி வரும் என்ற இலக்கணம் அவளுக்கு விரல் வழியாகவே ஏறிவிட்டது. பழைய கணினியிலும் ஓடுகிற, படம் வரையும் மென்பொருளான டக்ஸ் பெயின்ட்டை 2002 முதல் இலவசமாகக் கொடுத்து வருகிறவர்களுக்கும் நன்றி. சின்னப் பிள்ளைகளின் படங்கள் பாதி அதில் வரைந்தவை.

புரொஜெக்டர் கொடுத்த ஊராட்சித் தலைவர், ஒயர் இழுத்த எலெக்ட்ரீசியன் அண்ணன், போன்களுக்குப் பேட்டரி மாற்றிப் பொருள் விலை மட்டும் வாங்கிக்கொண்ட சென்னிமலை செல்போன் கடைத் தம்பி, அன்று அத்தனை பேருக்கும் சுண்டல் வேகவைத்த சத்துணவு அக்கா, எல்லோருக்கும் நன்றி.

அடுத்த வருசம் வெள்ளோடு ஏரிப் பறவைகளின் குரலைப் பதியப் பிள்ளைகள் முடிவு செய்திருக்கிறார்கள். 2022-இல் ராம்சர் தளமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட ஏரி நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பறவைகளுக்கு நம் ஊரில் என்ன பேர் என்று தெரிந்தவர்கள் இப்போதே சொல்லி வையுங்கள்.

கடைசியாக ஒன்று. வெள்ளிக்கிழமை இரவு யாரோ ஒரு கறுப்புச் சார்ஜரையும், பித்தளைப் போசி ஒன்றையும் பள்ளியில் விட்டுப் போயிருக்கிறீர்கள். இரண்டும் என் மேசை மேல் பத்திரமாக இருக்கின்றன. போசியைப் பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் பள்ளித் தலைமை ஆசிரியை