டெவேனிக்குப் பின் வந்தவர்கள்

லிங்கன், நெப்ராஸ்கா

அன்பு மகள் கயல்விழிக்கு,

நாங்கள் இருவரும் நலம். உன் பேராசிரியர் ஓய்வு பெறுவதால் அவர் வளர்த்தெடுத்த ஆய்வகம் உன் பொறுப்புக்கு வருகிறது என்று நீ தொலைபேசியில் சொன்னபோது, உன் குரலில் மகிழ்ச்சியைவிடத் தயக்கமே மிகுந்திருந்தது. அப்போது எனக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை. ஆனால் நான் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருக்கும் இந்த ஊர், அமெரிக்க ஃபுட்பால் பயிற்சியாளர்களை வைத்து இதே சங்கடத்தை இரண்டு முறை பார்த்துவிட்டது.

நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணியை 1962இல் பாப் டெவேனி ஏற்றபோது அது தோல்விக்குப் பழகிப்போன அணி. 1970, 1971 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தேசிய சாம்பியன் பட்டம் வென்று, 1972 சீசனோடு பொறுப்பைத் தம் உதவியாளர் டாம் ஆஸ்போர்னிடம் ஒப்படைத்தார். ஆஸ்போர்ன் நடத்திய 25 சீசன்களில் ஒன்றில்கூட வெற்றிகள் 9க்குக் கீழே இறங்கவில்லை. அப்படியிருந்தும், முதல் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பரம எதிரி அணியான ஒக்லஹோமாவிடம் தோற்றதால், பெரிய ஆட்டத்தில் கோட்டை விடுகிறவர் என்ற பேச்சு அவரை விடவில்லை.

நான் மாணவனாக இங்கு வந்த முதல் குளிர்காலத்தில் அப்படியொரு பெரிய ஆட்டத்தைப் பார்த்தேன். 1984 ஜனவரி 2ஆம் தேதி இரவு, கிரிக்கெட்டைத் தவிர வேறொன்றும் அறியாத நாங்கள் நான்கு பேர், ஒரு பழைய தொலைக்காட்சியின் முன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, சீசன் முடிவில் நடக்கும் ஆரஞ்சு பவுல் ஆட்டத்தைப் பார்த்தோம். 48 விநாடிகள் மிச்சமிருக்கையில் நெப்ராஸ்கா டச்டவுன் போட்டு (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்த்து ஆறு புள்ளி எடுத்து), எதிரணியான மியாமியின் 31க்கு 30 என்று நெருங்கியது. டச்டவுனுக்குப் பின் கிடைக்கும் கூடுதல் வாய்ப்பில் பந்தை உதைத்து ஒரு புள்ளி எடுத்திருந்தால் ஆட்டம் சமனில் முடிந்திருக்கும். சாம்பியனைச் செய்தியாளர்கள், பயிற்சியாளர்களின் வாக்கெடுப்பே முடிவுசெய்த அந்தக் காலத்தில், அதுவரை தோற்காமல் முதலிடத்தில் இருந்த நெப்ராஸ்காவுக்கே பட்டம் போயிருக்கும் என்று இன்றும் சொல்வார்கள். ஆஸ்போர்ன் சமனுக்கு இறங்கவில்லை. வெற்றிக்கான இரண்டு புள்ளிகளுக்கே முயன்றார். மியாமி வீரர் ஒருவரின் கை பட்டுப் பந்து திசைமாறி விழுந்தது. வாசல் பனியை அள்ளிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் மறுநாள் காலை என்னிடம் அதைப் பற்றிப் பேசவே மறுத்துவிட்டார்.

ஆஸ்போர்னின் முதல் பட்டம் 1994இல்தான் வந்தது, அதாவது அவருடைய 22ஆவது சீசனில். அடுத்த ஆண்டும் பட்டம் கிடைத்தது. சீசன் முடியும் தறுவாயில் அவர் ஓய்வை அறிவித்த 1997இல், செய்தியாளர் வாக்கெடுப்பு மிச்சிகனை முதலிடத்தில் வைக்க, பயிற்சியாளர்கள் வாக்கெடுப்பு முதலிட வாக்குகளில் 32க்கு 30 என்ற கணக்கில் நெப்ராஸ்காவைத் தேர்ந்தது. விடைபெறும் மனிதருக்குச் சக பயிற்சியாளர்கள் கொடுத்த பிரிவுப் பரிசு என்று அதை மிச்சிகன்காரர்கள் முணுமுணுப்பது முழுக்கத் தவறென்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்து வந்த ஃபிராங்க் சோலிச், டெவேனியிடம் ஆடியவர், ஆஸ்போர்னிடம் உதவியாளராக இருந்தவர். ஆறு சீசன்களில் 58 வெற்றி, 19 தோல்வி. 2001 சீசனில் பட்டத்துக்கான ஆட்டம் வரைக்கும் அணியைக் கொண்டுபோனார். 2002இல் 7 வெற்றி, 7 தோல்வி என்று சரிந்தவர், 2003இல் 9 வெற்றிகளோடு நிமிர்ந்த நிலையிலேயே நீக்கப்பட்டார். மறு ஆண்டு அணி 5 ஆட்டங்களில் மட்டும் வென்று 6இல் தோற்றது. 1961க்குப் பிறகு அப்படியொரு சீசனை இந்த ஊர் கண்டதில்லை.

ஒருவருக்கு 21 ஆண்டுப் பொறுமையும் மற்றவருக்கு ஆறாண்டு அவகாசமும் கிடைத்ததற்குத் திறமையை மட்டும் காரணம் சொல்ல என்னால் முடியவில்லை. டெவேனி பயிற்சியை விட்ட பிறகும் 1993 வரை விளையாட்டுத் துறை இயக்குநராக இருந்தார். தம் கையால் தேர்ந்தெடுத்தவரை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. சோலிச்சை நீக்கிய இயக்குநரோ அவரை நியமித்தவர் அல்லர்.

அதனால் நியமனக் கடிதத்தில் கையெழுத்திடும் முன், உன் பேராசிரியர் ஓய்வுக்குப் பிறகு பல்கலைக்கழகத்தில் ஏதாவது பொறுப்பில் இருப்பாரா, உன்னைத் தேர்ந்தெடுத்த துறைத் தலைவரின் பதவிக்காலம் எப்போது முடிகிறது என்ற இரண்டையும் விசாரித்து எழுது. உன் அம்மா எலுமிச்சை ஊறுகாய் அனுப்பியிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா