சாணைக்காரரை கேட்டிலேயே திருப்பி அனுப்பாதீர்கள்

பெங்களூரு அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் "சாணே... கத்தி சாணே" என்று தெருவில் ஒரு குரல் கேட்டது. கன்னடத்திலும் தமிழிலும் ஏறக்குறைய ஒரே சொல். அல்சூரில் நான் சிறுவனாக இருந்தபோது வாரம் ஒருமுறையாவது காதில் விழுந்த குரல் அது. சி.வி. ராமன் நகரில் இந்த ஃபிளாட்டுக்குக் குடிவந்தபின் மறந்தே போயிருந்தது. நான்கு கத்தி, ஒரு கத்தரிக்கோல், அம்மா வைத்திருந்த அரிவாள்மனை எல்லாவற்றையும் துணியில் சுற்றிக்கொண்டு நான் இறங்குவதற்குள் அவரை கேட்டிலேயே அனுப்பிவிட்டார்கள். "எந்த வீட்டுக்குன்னு ஆப்ல போடணும் சார், அவருக்குச் சொல்லத் தெரியலை" என்றார் காவலாளி. அவர்மேல் தப்பில்லை, சங்கம் சொன்னதைச் செய்தார். ஆனால் வீடு வீடாகத் தொழில் தேடி வருகிறவர் எந்த வீட்டு எண்ணைச் சொல்வார்?

அடுத்த திருப்பத்தில் அவரைப் பிடித்தேன். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பெடலை மிதித்து, ஒரு வேப்பமர நிழலில் அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்தார். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர், என்னைவிட வயதில் மூத்தவர். "முன்னெல்லாம் ஒரு தெருவுக்குள்ள போனா மதியம் ஆயிடும் தம்பி. இப்ப தெருவே கேட்டுக்குள்ள போயிடுச்சு" என்றார்.

அந்தப் பேச்சுதான் என்னை இதை எழுத வைத்தது. பீண்யா தொழிற்பேட்டையில் 36 வருடம் டூல் ரூமில் வேலை பார்த்தவன் நான். டிரில், கட்டர், ரீமர் என்று உலோகத்தைத் துளைத்து வெட்டும் கருவிகள் எல்லாவற்றுக்கும் முனை பிடித்துக் கொடுப்பதே என் வேலை. ஆகவே கூர்மையைப் பற்றிச் சில விஷயங்களைத் தெரிந்தே சொல்கிறேன்.

மொண்ணைக் கத்திதான் கையை வெட்டும். என் மருமகள் தக்காளி நறுக்கும்போது தோலில் இறங்காமல் கத்தி வழுக்கி, ஆள்காட்டி விரலில் மூன்று தையல் போட வேண்டியதாயிற்று. கூரான கத்தி அதன் எடையிலேயே இறங்கும், நாம் அழுத்த வேண்டியதில்லை. மொண்ணையானால் தோள்பலத்தைக் கொடுத்து அழுத்துவோம். அது வழுக்கினால் அந்தப் பலம் முழுவதும் மற்றக் கையில் போய் விழும். நம் வீடுகளில் கத்தி சீக்கிரம் மழுங்குவதற்கு முக்கியக் காரணம் கறுப்பு கிரானைட் மேடை. அதன்மேல் வைத்தே நறுக்குகிறோம். அப்புறம் சிங்க்கில் எவர்சில்வர் பாத்திரங்களோடு போட்டு உருட்டுகிறோம். ஒரு மரப்பலகை வாங்கினாலே பாதிக் கஷ்டம் குறையும். கல்லுப்பைப் போட்டு ஓட்டினால் மிக்சி பிளேடு கூராகும் என்று பலர் நம்புகிறார்கள். உப்பு எஃகைவிட மிக மெத்தென்றது, அது எஃகைத் தேய்க்காது. ஒட்டிய அழுக்கு போகும், அவ்வளவுதான்.

சாணை என்பது தேய்ப்பது மட்டுமில்லை, கோணத்தைக் காப்பாற்றுவது. சமையல் கத்திக்கு ஒவ்வொரு பக்கமும் 15 முதல் 20 டிகிரி. முதல் இழுப்பிலிருந்து கடைசி இழுப்புவரை அந்தச் சாய்வு மாறக் கூடாது. ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டே வந்தால் மறுபக்கம் விரலுக்குத் தட்டுகிற மாதிரி மெல்லிய பிசிறு எழும்பும். அது விளிம்பு முழுக்க எழும்பினால்தான் அந்தப் பக்கம் முடிந்தது என்று அர்த்தம். பிறகு மறுபக்கம், கடைசியில் லேசான கையால் பிசிறை எடுப்பது. பிசிறோடு விட்ட கத்தி அன்றைக்குக் கூராகத் தெரியும், இரண்டு நாளில் மடங்கிவிடும்.

கனடாவில் வின்னிபெக்கில் இருக்கும் என் அக்கா மகன் ஒருநாள் வீடியோ காலில் வந்தான். அங்கே குளிர்காலத்தில் ஏரி கெட்டியாக உறைந்துவிடும். பனிக்கட்டியில் ஆகரால், அதாவது முனையில் பிளேடு மாட்டிய பெரிய திருகுத் துளைப்பானால், துளை போட்டு, அதற்குள் தூண்டிலை இறக்குவார்கள். "மாமா, பிளேடை நல்லாத் தேய்ச்சேன், ஆனா ஆகர் சுத்துது, இறங்க மாட்டேங்குது" என்றான். காட்டச் சொன்னேன். சரிவு இருக்கும் பக்கத்தை மட்டும் தேய்க்க வேண்டியவன், தட்டையான பக்கத்திலும் கல்லைச் சாய்த்து வைத்து இழுத்திருக்கிறான். அப்படிச் செய்தால் வெட்டுமுனைக்குப் பின்னால் இருக்க வேண்டிய இடைவெளி போய்விடும். முனைக்கு முன்பே பின்பகுதி பனியில் உரசும். எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் கடிக்காது. இரண்டு பிளேடும் ஒரே அளவில் தேயவில்லையென்றாலும் இதே தொல்லைதான். புது ஜோடி மாட்டிக்கொள், வேலை முடிந்ததும் ஈரத்தைத் துடைத்து லேசாக எண்ணெய் தடவு, ஏரியின் அடிமண்ணில் இடிக்காதே என்று சொன்னேன். அடுத்த வாரமே மீனோடு படம் அனுப்பினான். பனியானாலும் தக்காளியானாலும் கோணம் கெட்டால் கத்தி கெட்டது. அதைக் கையால் உணர்ந்து பிடிக்கிறவர்தான் தெருவில் வரும் அந்தப் பெரியவர்.

அவர் முறையில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். சுழலும் கல்லில் சூடு ஏறும். விளிம்பு நீலமாக மாறினால் எஃகின் பதம் போய்விட்டது, அந்த இடம் இனிக் கூர் நிற்காது. அதனால்தான் டூல் ரூமில் தண்ணீர் விட்டுக்கொண்டே பிடிப்போம். ஒரு வாளித் தண்ணீர் கொடுத்து, நனைத்து நனைத்துப் பிடிக்கச் சொன்னால் அவருக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஆன்லைனில் வாங்கி வைத்திருக்கிறீர்களே, கத்தியைப் பிளவில் வைத்து இழுக்கும் சாதனம், அது எந்தக் கத்தியையும் ஒரே கோணத்தில் சுரண்டி இரும்பைச் சீவி எடுக்கிறது. பெரியவர் கை அதைவிட எத்தனையோ மேல்.

பாதுகாப்பு என்று சொல்வீர்கள். சரி, உள்ளே எல்லா மாடிக்கும் அவரை விட வேண்டாம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை 9 மணியிலிருந்து 12 மணிவரை, பின்பக்க கேட்டுக்குப் பக்கத்தில், சைக்கிள் நிற்க ஒரு இடம் கொடுங்கள். கரண்ட் வேண்டாம், அவர் கால்தான் மோட்டார். தீப்பொறி பறக்கும் என்பதால் கார்களும் காய்ந்த குப்பையும் இல்லாத இடமாகப் பாருங்கள். அதற்கு அவரிடம் கட்டணம் கேட்காதீர்கள். என்னிடம் கத்திக்கு 40 ரூபாய் வாங்கினார், அதில் சங்கத்துக்கு என்ன பங்கு? 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் பொருள் விற்பவரை மட்டும் சொல்லவில்லை, இடம்விட்டு இடம் போய்ச் சேவை செய்கிறவரையும் சேர்த்தே சொல்கிறது. நாடு தொழிலாளி என்று ஏற்றுக்கொண்டவரை நம் ஆப் யாரோ என்று நிறுத்துகிறது.

ஆயுத பூஜைக்கு நம் வளாகத்தில் கார்களுக்கெல்லாம் மாலை போட்டு, பூசணிக்காய் உடைக்கிறோம். அன்று எங்கள் டூல் ரூமில் கிரைண்டிங் மிஷினைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஒருநாள் முழுக்க ஓய்வு கொடுப்போம். அந்த வாரம் மட்டுமாவது அவரை முதலில் கூப்பிடுங்களேன்.

எங்கள் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மாத முதல் ஞாயிறுக்கு அவரை வரச் சொல்லியிருக்கிறேன், ஆப்பில் என் வீட்டு எண்ணையே போட்டிருக்கிறேன். கத்திகளைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே வீட்டு எண்ணை எழுதி, குழந்தைகளிடம் கொடுக்காமல் பெரியவர்களே கொண்டுவாருங்கள். வாளித் தண்ணீரோடு 9 மணிக்குக் கீழே இருப்பேன். ஒவ்வொரு கத்தியிலும் பிசிறு போயிற்றா என்று நானே பார்த்துக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
சி பிளாக், மூன்றாம் மாடிவாசி