செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் வரும். திறந்து படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

லேஸ், பார்டர், குஞ்சம், சமிக்கிப் பட்டை இறக்குமதி செய்து விற்கும் நமது சங்கத்தின் ஓராண்டுச் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

நிர்வாகக் குழு முறைப்படி கூடியது. மறைந்த மூத்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம். ஆயுத பூஜை வழக்கம்போல் நடந்தது. பொரி, சுண்டல் செலவைப் பொருளாளரே ஏற்றுக்கொண்டார். ரத்த தான முகாமும் நடந்தது. காசி செட்டி தெருவில் சரக்கு இறக்கும் நேரம் பற்றி மனு கொடுத்திருக்கிறோம்.

இனி மாதிரி ஆல்பம், அதாவது உறுப்பினர்களின் பட்டைத் துண்டுகளை ஒட்டி, எது எந்தச் சுங்கத் தலைப்பில் வரும் என்று எழுதிவைக்கும் புத்தகம். சென்ற பொதுக்குழுவில் கைதட்டி நிறைவேற்றிய தீர்மானம் இது. கைதட்டியவர்களில் பலர் இன்றுவரை ஒரு முழம் லேஸ்கூட அனுப்பவில்லை. "செயலாளர் துண்டுத் துணி ஒட்டிக்கொண்டிருக்கிறார்" என்று ஒரு கடையில் பேசிக்கொண்டதும் என் காதுக்கு வந்தது. ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

சப்ளையர் அனுப்பும் இன்வாய்ஸில் எல்லாச் சரக்குக்கும் ஒரே வரி: 'கார்மென்ட் ஆக்சஸரீஸ்'. பக்கத்தில் அவர் நாட்டு எச்.எஸ். எண், அதாவது சரக்கு எந்த வகை என்று சுங்கத்துக்குச் சொல்லும் எண். அதில் முதல் 6 இலக்கம்தான் உலகத்துக்குப் பொது. மீதியை ஒவ்வொரு நாடும் தன் வசதிக்குப் போட்டுக்கொள்கிறது. நமக்கு மொத்தம் 8. சீன எண்ணை அப்படியே நாம் சுங்கத்தில் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரியில் ஏற்றினால் சிக்கல் அங்கேயே ஆரம்பம். அந்த முதல் 6-ஐயும் சப்ளையர் சரியாகப் போட்டிருப்பார் என்று சொல்வதற்கில்லை.

ஆல்பத்தின் முதல் பக்கத்தில் நான்கு பட்டைகளை ஒட்டியிருக்கிறேன். நான்கும் தங்க நிறம், மூன்று விரல் அகலம். கல்லாவில் உட்கார்ந்து பார்த்தால் நான்கும் ஒன்றுதான். முதல் பட்டை தறியில் நெய்தது, இரண்டு பக்கமும் கரை கட்டியிருக்கிறது, அகலம் 30 செ.மீ.க்குள், அது 5806 என்ற தலைப்பு. இரண்டாவதும் அப்படி நெய்ததே, ஆனால் ஓரத்தில் நெசவோடு சேர்ந்த குஞ்சம் தொங்குகிறது. சுங்க வரி அட்டவணையில் 58-ஆம் அத்தியாயத்தின் 5-ஆம் குறிப்பு அதை அலங்காரப் பட்டை, குஞ்சத்துக்கான 5808-க்கு அனுப்பிவிடுகிறது. மூன்றாவதில் துணிமேல் ஊசி வேலை இருப்பதால் எம்பிராய்டரிக்கான 5810. நான்காவதன் வெட்டுமுனையில் ஒரு நூலை இழுத்தால் பனியன் துணி மாதிரி கண்ணி கண்ணியாக அவிழும். அது நிட்டிங். 5808 நிட்டிங் பட்டையை ஏற்காது, 60-ஆம் அத்தியாயத்தில்தான் தேட வேண்டும். பூதக்கண்ணாடியும் ஒரு குண்டூசியும் இருந்தால் போதும், இதை எந்தக் கடைப்பையனும் பார்த்துச் சொல்லிவிடலாம்.

எம்பிராய்டரியில் நம்மவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இன்னொன்று. மேலே ஓடும் பாலியஸ்டர் நூலைப் பார்த்து, செயற்கை இழை என்று எழுதிவிடுகிறார்கள். துணைத் தலைப்பு எது என்று பார்க்கும்போது அடித்துணி மட்டும்தான் கணக்கு. அடித்துணி பருத்தி என்றால் 5810 91, செயற்கை இழை என்றால் 5810 92. அடித்துணியே கண்ணுக்குத் தெரியாத எம்பிராய்டரியில்தான் மேல்நூலைப் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் அடித்துணியிலிருந்து ஓர் இழையை உருவிக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கறுப்பு உருண்டையாக நிற்கும். ஆல்பத்தில் அந்த உருண்டையையும் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன், சிரிக்க வேண்டாம்.

"இதெல்லாம் கிளியரிங் ஏஜென்ட் பார்த்துக்கொள்வார்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2011 முதல் சுய மதிப்பீடு நடைமுறையில் இருக்கிறது. தலைப்பைச் சரியாகப் போடும் பொறுப்பு இறக்குமதியாளருடையது. குறைவாகக் கட்டிய வரியைச் சாதாரணமாக 2 ஆண்டு வரை திரும்பக் கேட்கலாம். வேண்டுமென்றே மறைத்ததாகத் தெரிந்தால் 5 ஆண்டு. வட்டி தனி. அதற்குள் அந்த லேஸ் விற்று, தைத்து, கட்டிக் கிழிந்தே போயிருக்கும். வாடிக்கையாளரிடம் போய் வித்தியாசத்தைக் கேட்க முடியுமா?

அப்புறம், முன்பு போல மாதிரித் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு ராஜாஜி சாலை சுங்க அலுவலகத்துக்கு நடந்துபோய், மேஜைமேல் வைத்து விளக்கும் காலம் முடிந்துவிட்டது. 2020 ஜூனில் சென்னையிலும் பெங்களூரிலும் தொடங்கிய முகமற்ற மதிப்பீடு அந்த அக்டோபருக்குள் நாடு முழுக்க வந்துவிட்டது. சரக்கு காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் இறங்கினாலும் பில்லைப் பார்க்கும் அதிகாரி வேறு ஊரில் இருக்கலாம். அவர் கையில் நம் பட்டை இல்லை, நாம் எழுதிய விவரம்தான் இருக்கிறது. நெய்ததா, நிட்டிங்கா, தைத்ததா, ஒட்டியதா, அகலம் எத்தனை, அடித்துணி எது என்று எழுதியிருந்தால் பாதிக் கேள்வி வராது. ஆல்பத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் அந்த விவரத்தை எப்படி எழுதுவது என்று இரண்டு வரி வைத்திருக்கிறேன்.

இந்த ஆண்டு நடந்த ஒன்றைப் பெயர் சொல்லாமல் குறிப்பிடுகிறேன். ஓர் உறுப்பினரின் சமிக்கி பார்டர் 5808 என்று போடப்பட்டு, 5810 அல்லவா என்று சுங்கத்திலிருந்து கேள்வி வந்தது. சரக்கு சி.எஃப்.எஸ். என்கிற கன்டெய்னர் கிடங்கில், வாடகை ஓடுகிறது. இரவு பத்தரைக்கு எனக்கு போன். ஆல்பத்தைப் பிரித்தேன். சமிக்கி, மணி, வேறு அலங்காரத் துண்டு எதுவாக இருந்தாலும் துணிமேல் தைத்திருந்தால் அது எம்பிராய்டரிதான் என்று அதே 58-ஆம் அத்தியாயத்தின் 6-ஆம் குறிப்பு சொல்கிறது. அவருடைய பட்டையில் ஒவ்வொரு சமிக்கியின் நடுத்துளை வழியாகவும் நூல் போயிருந்தது. கேள்வி நியாயமானது, வித்தியாசத்தைக் கட்டி எடுத்துவிடுங்கள் என்றேன். கட்டினார், சரக்கும் வந்தது. அதன்பிறகு, சங்கம் தனக்காகப் போராடவில்லை என்று நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். அவர் இரண்டு ஆண்டுச் சந்தா பாக்கி வைத்திருப்பதை அந்த நாலு பேரிடமும் சொன்னாரா என்று தெரியவில்லை.

உண்மையிலேயே போராட வேண்டிய இடம் வேறு: ஒட்டிய சமிக்கிப் பட்டை. 6-ஆம் குறிப்பு தைத்ததைத்தான் சொல்கிறது, பசை வைத்து ஒட்டியதைச் சொல்லவில்லை. நம்மிடையே ஒருவர் 5810 போடுகிறார், ஒருவர் 5808, இன்னொருவர் பிளாஸ்டிக் பொருள் என்று 3926. ஒரே சரக்கு, மூன்று கணக்கு. இதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. எந்தச் சரக்கு எந்தத் தலைப்பு என்று முன்னதாகவே கேட்டுத் தெரிந்துகொள்ள முன்கூட்டிய தீர்ப்பாணையம் டெல்லியிலும் மும்பையிலும் இருக்கிறது. விண்ணப்பக் கட்டணம் 10,000 ரூபாய், 3 மாதத்தில் தீர்ப்பு. 2025 நிலவரப்படி அது 3 ஆண்டு செல்லும், இடையில் சட்டம் மாறாத வரை. விண்ணப்பித்தவரையும், அவர் விஷயத்தில் சுங்க அதிகாரிகளையும் மட்டுமே அது கட்டுப்படுத்தும் என்றாலும், அதே சரக்கைக் கொண்டுவரும் மற்றவர்களும் எடுத்துக்காட்டிப் பேசலாம். இறக்குமதியாளர் குறியீட்டு எண் உள்ள உறுப்பினர் ஒருவர் தன் பெயரில் விண்ணப்பிப்பதுதான் சுலபம். அதுவும் அவர் விஷயத்தில் அந்தக் கேள்வி அதிகாரியிடம் ஏற்கனவே நிலுவையில் இருக்கக் கூடாது. கட்டணத்தைச் சங்கமே தரும் என்று குழுவில் முடிவு செய்தோம். யாரும் முன்வரவில்லை. "அவர் போடட்டும், பார்த்துக்கொண்டு நாம் போடலாம்" என்றே எல்லோரும் சொன்னார்கள். அந்த 'அவர்' யார் என்றுதான் இன்னும் தெரியவில்லை.

2022 பட்ஜெட்டில் ஏற்றுமதியாளர்களுக்கு அலங்காரப் பொருட்கள், டிரிம்மிங், பட்டன், ஜிப் போன்றவற்றுக்கு வரிச் சலுகை கிடைத்தது. அவர்கள் ஒன்றாகப் போய்க் கேட்டார்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

கணக்கு விவரம் தணிக்கையாளர் அறிக்கையில் இருக்கிறது. சுருக்கமாக: வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, செலவு எதிர்பார்த்தபடி, கையிருப்பு சமாளிக்கும் அளவில். வரவு குறைந்ததற்குக் காரணம் சந்தா பாக்கி. பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது. இந்த முறை பலகையில் ஒட்ட வேண்டாம் என்று தலைவர் சொன்னதால் ஒட்டவில்லை. ஆல்பத்துக்கான பைல், பிளாஸ்டிக் உறை, பூதக்கண்ணாடி ஆகியவை 'இதர செலவு' என்பதில் வருகின்றன. கேட்பவர்களுக்கு ரசீது காட்டத் தயார்.

இடம் கொடுத்த மண்டப உரிமையாளருக்கும், தணிக்கையாளருக்கும், தேநீர் ஏற்பாடு செய்த இளைஞர்களுக்கும், மாதிரி அனுப்பிய கோவிந்தப்ப நாயக்கன் தெரு உறுப்பினர்களுக்கும் நன்றி. கோடவுன் தெரு உறுப்பினர்களுக்கும் நன்றி. அவர்கள் மாதிரிகள் வந்துகொண்டிருப்பதாகச் சொல்கிறார்கள்.

அடுத்த ஆண்டு பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பொறுப்பை இன்னொருவர் ஏற்றால் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஆல்பம் பாதியில் நிற்கிறது: குஞ்சம், பொம்பொம் பக்கங்கள் காலி, ஜரிகைப் பட்டை தொடங்கவே இல்லை. 2028 ஜனவரி முதல் உலகச் சுங்க அமைப்பின் புதிய எச்.எஸ். பதிப்பும் வருகிறது. அதற்குள் முடித்தால், எண் மாறும்போது எந்தப் பக்கத்தைத் திருத்த வேண்டும் என்பதாவது தெரியும். வருகிறவர் இதைத் தொடர்வார் என்றால் இன்றே சாவியைக் கொடுத்துவிடுவேன். உறுப்பினர்கள் நானே தொடர வேண்டும் என்று நினைத்தால், அதைச் சொல்வதற்குக் கைதட்டலைவிட நல்ல வழிகள் இருக்கின்றன. வாசலில் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார், ஜிபே ஸ்கேனரும் வைத்திருக்கிறார். மாதிரி கொண்டுவந்தவர்கள் அதே மேஜையில் கொடுக்கலாம். அரை மீட்டர் போதும், வெட்டுமுனையை மட்டும் கொளுத்தி அடைக்காமல் கொடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்